ஆர்பிஎஸ்19 ஆய்வில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

செல்லில் புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமின் சிறு துணை அலகில் உள்ள 145 அமினோ அமிலப் புரதம் ஆர்பிஎஸ்19. அதன் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே, எலும்பு மஜ்ஜை போதிய சிவப்பணுக்களை உருவாக்காத டயமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தசோகை வரலாம் என்பது 1999இல் தெரியவந்தது. இந்நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதுதான் காரணம்.

முதல் நன்றி, ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்த செவிலியர்களுக்கு. இந்நோயில் பெரும்பாலோருக்குச் சிவப்பணுக்களில் அடினோசின் டிஅமினேஸ் நொதி கூடியிருக்கும். ஏற்றிய பிறகு எடுத்தால் கொடையாளியின் அணுக்களும் கலந்துவிடும். அளவு இயல்பு போலவே வந்து ஏமாற்றும். கொடையாளியின் அணுக்கள் மறைய மூன்று மாதமாவது ஆகும். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் தேவைப்படும் குழந்தைக்கு அந்த இடைவெளி கிடைப்பதே இல்லை. ஊதா மூடிக் குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்தே அனுப்பினீர்கள். குலுக்கியிருந்தால் அணுக்கள் உடைந்திருக்கும், அப்படியே வைத்திருந்தால் ரத்தம் உறைந்திருக்கும்.

"எங்களுக்கு எதற்கு டெஸ்ட்?" என்று ஒதுங்காமல் கை நீட்டிய பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் நன்றி. இதே பிழையோடு ரத்தசோகையே இல்லாமல் நடமாடுபவர்கள் உண்டு. தெரியாமல் அப்படிப்பட்டவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை எடுத்துப் பொருத்தினால் பழுதும் கூடவே போய்ச் சேரும்.

மரபணுவின் எழுத்து வரிசை வாசிப்பில் பிழை தெரியாதபோதும் ஃபைலை மூடாத மரபணுப் பிரிவினரே, ஒரு பிரதி முழுதாக விடுபட்டிருந்தால் மிச்சப் பிரதி பிழையின்றித்தான் படிக்கும். பிரதிகளின் எண்ணிக்கையைக் காட்டும் எம்எல்பிஏ சோதனையையும் சேர்த்தது சரியான முடிவு.

ரைபோசோமின் பகுதிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க, 10 முதல் 50 சதவீதம் வரை சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல் அடுக்குகளைக் கலங்காமல் ஊற்றியவர்களை மறக்க முடியாது. எல்லாக் கரைசலும் பனிக்கட்டி மேல், ரைபோசோமை ஆர்என்ஏ மேல் அப்படியே நிறுத்திவைக்க மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடு. மக்னீசியம் குறைந்தால் ரைபோசோம் இரண்டாகப் பிரிந்துவிடும். (ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ, மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதால் இங்கே வில்லன்!) ஆர்பிஎஸ்19 குறைந்தால் சிறு துணை அலகின் 18எஸ் ஆர்என்ஏ முதிராமல் நிற்கும். வரைபடத்தில் சிறு துணை அலகைக் காட்டும் 40எஸ் முகடு சரிந்து, இணை கிடைக்காத பெரிய துணை அலகின் 60எஸ் முகடு உயர்வது நீங்கள் ஊற்றிய அடுக்குகளில்தான் தெளிவாகத் தெரிந்தது. வேலையின்றி மிஞ்சும் பெரிய துணை அலகின் புரதங்களான ஆர்பிஎல்5, ஆர்பிஎல்11 இரண்டும் 5எஸ் ஆர்என்ஏவுடன் சேர்ந்து பி53 புரதத்தை அழிக்கும் எம்டிஎம்2வைப் பிடித்துக்கொள்ள, செல்லைச் சாகத் தூண்டும் பி53 குவிந்து சிவப்பணு முன்னோடிகள் மடிகின்றன.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மரபணு முடிவு உங்கள் மருத்துவர் வழியே வரும். இந்நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து பலிக்குமா என்பதை அது உறுதியாகச் சொல்லாது. அதைப் பார்த்து நீங்களாக மருந்தின் அளவை மாற்றவேண்டாம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்