கடை யார் பெயரில்? மதுரை வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கீழமாசி வீதிப் பக்கத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். வரி விகிதம் கூடினால் கடையடைப்புக்கு அழைக்கிறீர்கள், மனுவோடு அமைச்சரைப் பார்க்கிறீர்கள். அது வேண்டியதுதான். ஆனால் கடை எந்தப் பெயரில், எந்த வடிவத்தில் நடக்க வேண்டும் என்பதைப் பற்றி எந்தச் சங்கக் கூட்டத்திலும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குடும்பங்கள் உடைவது அந்த இடத்தில்தான்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் கடைகள் நம் ஊரில் தெருவுக்குப் பத்து இருக்கும். மூன்று பேரும் மாறி மாறிக் கல்லாவில் உட்காருவார்கள். பான் எண், ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கணக்கு மூன்றும் மூத்தவர் பெயரில். வரித்துறையைப் பொறுத்தவரை அது அவர் ஒருவருடைய தனியுரிமைக் கடை. லாபம் முழுதும் அவர் வருமானம். இருபது வருடம் உழைத்த தம்பி வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் காட்ட ஒரு காகிதம் இருக்காது. மூத்தவர் காலமானால் அந்த ஜிஎஸ்டி எண்ணும் அவரோடு முடிந்தது. வாரிசு புதிதாகப் பதிவு பெற்று, பழைய கணக்கில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத வரியை) தனிப் படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த வாரிசு? ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே அந்தக் கேள்வி சண்டையாகிவிட்டது. எல்லோரும் நல்லவர்கள். எழுதி வைக்காததுதான் குறை.

அப்படியென்றால் எல்லோரும் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிவிடலாமா? அதையும் கணக்குப் பார்த்தே செய்ய வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு முதல் ரூபாய் லாபத்திலிருந்தே 30 சதவீத வருமான வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். தனிநபருக்கோ புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரியே வராது. பங்குதாரருக்குச் சம்பளம் எழுதி நிறுவனத்தின் லாபத்தைக் குறைக்கலாம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்தச் சம்பளம் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், 2025 ஏப்ரல் முதல், நிறுவனம் அதில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்தம் செய்து கட்டவும் வேண்டும். விற்றுமுதலில், அதாவது மொத்த விற்பனைத் தொகையில், 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சம்பளத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. எனவே ஒரு வீட்டுக்குப் பொருந்துவது அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. பத்திரம் எழுதுவதென்று முடிவானால் மாவட்டப் பதிவாளரிடம் பதிந்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதியாத நிறுவனம் தன் சரக்குக்குப் பணம் தராதவர் மீது வழக்குப் போட முடியாது.

பெருமைக்காக பிரைவேட் லிமிடெட் தொடங்கும் இளைஞர்களையும் யாராவது தடுத்து நிறுத்திப் பேச வேண்டும். விற்பனையே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். ஆண்டுப் படிவம் ஒவ்வொன்றுக்கும் தாமதமாகும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம்.

ஜிஎஸ்டியில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அப்பளத்துக்கு வரி இல்லை. அப்பளம் மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு வேண்டாம். அவரே மசாலாப் பொடியும் விற்கத் தொடங்கினால் கதை மாறிவிடும். பொடி விற்பனை இரண்டு லட்சம்தான் என்றாலும், அப்பளத்தையும் சேர்த்து மொத்த விற்றுமுதல் ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். இதைச் சொல்லும்போது நம்பாமல் எழுந்து போனவர்கள் உண்டு. சுங்குடிச் சேலைக் கடைக்காரர்களுக்கு வேறு ஆபத்து. காம்போசிஷன் என்ற, சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையில் விற்பனையில் ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பெங்களூரிலிருந்து தொலைபேசியில் ஒருவர் நான்கு சேலை கேட்க, கூரியரில் அனுப்பிவிடுவார்கள். அந்த முறையில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது.

இன்னொன்று: பல கடைகளின் ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கணக்கருடையவை. நோட்டீஸ் வந்தது முதலாளிக்குத் தெரிவதற்குள் பதில் சொல்லும் கெடு முடிந்து உத்தரவே வந்துவிடுகிறது. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்தான், அதற்கும் தகராறிலுள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும். என் போன்றவர்களுக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்: எண் முதலாளியுடையதாகவே இருக்கட்டும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். வாரத்தில் ஒரு மாலை, சங்கக் கட்டடத்தில், ஒரு தணிக்கையாளரும் ஒரு வழக்கறிஞரும் உட்காரட்டும். புதிய உறுப்பினர் குடும்பத்தோடு வந்து, கடை யார் பெயரில் இருக்க வேண்டும் என்று பேசி முடிவு செய்யட்டும். தமிழில் ஒரு மாதிரிக் கூட்டாண்மைப் பத்திரத்தை அச்சிட்டு வையுங்கள். பங்கு எவ்வளவு, ஒருவர் இறந்தால் யார் தொடர்வது, ஒருவர் விலகினால் சரக்கை எப்படி மதிப்பிடுவது என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். காம்போசிஷனுக்கு மாற விரும்புவோர் நிதியாண்டு தொடங்கும் முன்பே, மார்ச் 31-க்குள், தெரிவித்தாக வேண்டும்; ஆகையால் முதல் கூட்டத்தைத் தை மாதத்திலேயே வையுங்கள். எந்தச் சங்கம் அழைத்தாலும் கட்டணம் வாங்காமல் வருகிறேன். என்னைப் போல் வரத் தயாராக இருக்கும் கணக்கர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மதுரைக் கணக்கர் ஒருவர்