“புரிஞ்சுதாம்மா?” என்று கேட்காதீர்கள்

சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 72. இன்சுலின் போட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் மருத்துவர் அளவைச் சொல்லிவிட்டு, “புரிஞ்சுதாம்மா?” என்பார். அம்மாவும் “சரிங்க டாக்டர்” என்று தலையாட்டுவார். ஆனால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இறங்கவே இல்லை. அது இறங்காததால் இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போனது.

போன வருடம் ஒரு செவிலியர்தான், “ஊசி எங்க போடுறீங்க, காட்டுங்கம்மா” என்று கேட்டார். தொப்புளுக்கு இடப்பக்கம், கட்டைவிரல் பருமனில் ஒரு தடிப்பு. இத்தனை நாளும் அதே இடம். “அங்க போட்டா வலிக்கிறதில்ல, அதான்” என்றார் அம்மா. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துவிடும். அதில் போடும் இன்சுலின் ஒரு நாள் குறைவாகவும் ஒரு நாள் கூடுதலாகவும் உடம்பில் சேரும். மருத்துவர் இடத்தை மாற்றச் சொன்னதோடு அளவையும் குறைத்தார். தடிப்பில்லாத இடத்தில் பழைய அளவையே போட்டிருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

இடத்தை மாற்றி மாற்றிப் போடும்படி முதல் நாளே யாராவது சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அம்மாவுக்கு இருந்த பயத்தில் மனதில் நின்றது ‘ஊசி’ என்ற ஒரு சொல்தான். வயதானால் காது மந்தம், பார்வை மங்கல். எல்லாவற்றுக்கும் மேல், டாக்டரிடம் “புரியல” என்று சொல்லக் கூச்சம். படித்தவர்களுக்கும் அது உண்டு. என் அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர்.

அதனால் தயவுசெய்து இப்படிக் கேளுங்கள்: “நான் தெளிவா சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, செஞ்சு காட்டுங்க.” இன்சுலின் பேனாவை அழுத்தியதும் ஊசியை உருவிவிடுகிறார்களா, பத்து எண்ணும்வரை வைத்திருக்கிறார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

“சாப்பிட முடியாத நாள்ல இந்த மாத்திரையை என்ன செய்வீங்க?” என்றும் கேளுங்கள். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வயதானவர்களுக்கு நடுக்கமோ வியர்வையோ இல்லாமல் வெறும் தடுமாற்றமும் குழப்பமுமாக அது வரலாம். வீட்டில் இருக்கும் நாங்கள் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். அந்த நேரத்தில் 15 கிராம் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். கிராம் கணக்கு எங்களுக்குப் புரியாது. மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், சீட்டில் 1-0-1 என்று எழுதாமல் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்துத்தான் அம்மா தானாகவே மாத்திரை எடுத்துப் போடுகிறார்.

இப்படிக்கு,
ஒரு மகள்