பிரஷர் பார்க்கும் பட்டையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலத்தில் கோயில் மண்டபம், பூங்கா என்று இலவச பிரஷர் முகாம்களுக்குக் குறைவில்லை. ஆனால் மேசையில் இருப்பது பெரும்பாலும் கையில் சுற்றும் ஒரே அளவுப் பட்டைதான். பருமனானவரின் கையில் அதை இழுத்துப் பிடித்து ஒட்டுகிறார்கள். அப்படி எடுத்தால் 5 முதல் 20 வரைகூடக் கூட்டிக் காட்டும். உள்ளே இருக்கும் காற்றுப்பை கைச்சுற்றில் 80 சதவீதமாவது வளைய வேண்டும். குட்டையாக இருந்தால் ரத்தக்குழாயை அமுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கைச்சுற்றை நாடாவால் அளந்து, 34 செ.மீ.யைத் தாண்டினால் பெரிய பட்டையைப் போட வேண்டும். சட்டைக்கு மேல் சுற்றுவதும் தவறு. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். முந்தைய அரை மணியில் காபியோ பீடியோ கூடாது.

இது சின்ன விஷயமில்லை. கூடுதலாக வந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால், முதியவர் எழும்போது தலைசுற்றி விழுவார். இன்னும் மோசம், இரண்டு இடத்தில் இரண்டு எண் வந்ததும் மிஷின் மேல் நம்பிக்கை போய் மாத்திரையையே விட்டுவிடுவது. பருமனானவர்களுக்குச் சரியான எண் தெரிவது இன்னும் முக்கியம். தொப்பைக் கொழுப்பு சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கவைத்து அழுத்தத்தை ஏற்றும். குறட்டையோடு மூச்சு அடைபடுபவருக்கு இரவிலும் அழுத்தம் தணியாது. வருடக்கணக்கில் இதைத் தாங்கும் மூளையின் மெல்லிய குழாய்கள் தடித்து அடைபடும், அல்லது வெடிக்கும். மேல் அழுத்தத்தை 10 குறைத்தாலே பக்கவாத ஆபத்து ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது.

முகாமில் அதே நாடாவால் இடுப்பையும் அளந்து சொல்லுங்கள்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை. உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், தட்டுவடை செட்டில் உள்ளதும் இந்தக் கணக்கில் சேரும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருபவர்களின் பையிலும் பெரிய பட்டை ஒன்று இருக்கட்டும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் அவர்கள் இதையும் சொல்லித்தர வேண்டும்: வாய் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சு குழறுவது எல்லாம் பக்கவாத அறிகுறிகள், உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகே போட முடியும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும் நேரமும் அதில்தான் அடங்கும். 'படுத்து எழுந்தால் சரியாகும்' என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீர் கொடுத்தால் புரையேறும். ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேனில்தான் தெரியும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்