குரோவிக்குள் கார் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்காட்லாந்து பயணக் கட்டுரையில் குரோவி என்ற கடலோரக் கிராமத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். படமும் அழகாக வந்திருந்தது. ஆனால் "காரில் கடற்கரை வரை இறங்கி, பத்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்" என்ற யோசனை தவறு. அந்த ஊருக்குள் கார் போகத் தெருவே கிடையாது. கோடை விடுமுறைக்கு பிரிட்டன் வரும் குடும்பங்கள் இதுபோன்ற கட்டுரைகளை நம்பித்தான் பயணத்தைத் திட்டமிடுகின்றன. எனவே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

குரோவி இருப்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபெர்டீன்ஷயர் பகுதியில், பான்ஃப் நகருக்கும் ஃபிரேஸர்பரோவுக்கும் இடையே. கேம்ரி விரிகுடாவின் கிழக்குக் கரையில், செங்குத்தான புல்மேட்டின் காலடியில் ஒரே வரிசையாக வீடுகள். வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு பாதை, அதற்கு அப்பால் தடுப்புச் சுவர், அதற்கும் அப்பால் அலை. மளிகை, எரிவாயு உருளை, கட்டில், குளிர்பதனப் பெட்டி எதுவானாலும் ஊர்முனையில் இறக்கி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில்தான் வீடு சேர்க்க வேண்டும். துணி உலர்த்தும் கம்பங்கள்கூடக் கடலோரத்தில்தான் நிற்கின்றன, வேறு இடமில்லை.

பல வீடுகள் கடலுக்கு முதுகும் காட்டாமல் முகமும் காட்டாமல் பக்கவாட்டில் நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. கூரை முக்கோணமாக முடியும் குறுகிய பக்கச் சுவர் கடலைப் பார்க்கிறது. நீளச் சுவர்கள் இரண்டும் பக்கத்து வீடுகளின் மறைவில் இருக்கின்றன. காற்றும் அலையும் மோதும் பரப்பு குறைகிறது. இரு வீடுகளுக்கு இடையேயுள்ள சந்தில் வாசற்கதவை வைத்துவிட்டால், புயல் நாளிலும் கதவைத் திறக்க முடியும். முற்காலத்தில் அந்தச் சந்துகளிலேயே படகுகளையும் இழுத்து வைத்தார்கள்.

இத்தனை நெருக்கடியான இடத்தில் ஊர் ஏன் உருவானது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆடு வளர்ப்புக்காக உள்நாட்டு நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. முதலில் நிலக்கிழாரின் படகுகளில் உழைத்தார்கள், பிறகு சொந்தப் படகு வாங்கினார்கள். இதைச் சொல்லாமல் "அழகிய கிராமம்" என்று மட்டும் எழுதுவது பாதி உண்மைதான்.

அன்றைய தொழிலில் பாதிக்கு மேல் பெண்களின் வேலை. ஆயிரங்கால் தூண்டில் என்று நம் கடற்கரையில் சொல்வதைப் போன்ற நீளக் கயிறுதான் அவர்களுடையதும். ஒரு கயிற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொக்கிகள் இருந்தன. சிப்பிகளை உடைத்து, ஒவ்வொரு கொக்கியிலும் சதையைக் குத்தி, கூடையில் வரிசையாகச் சுருட்டி அடுக்க வேண்டும். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் புல் பரப்பினார்கள். அது இல்லாவிட்டால் ஓடும் படகிலிருந்து கயிற்றை விடும்போது ஒரு கொக்கி இன்னொன்றில் மாட்டி, கூடை முழுவதும் சிக்கலாகிவிடும், அன்றைய பிழைப்பு போய்விடும். ஆண்கள் நனைந்த காலணியுடன் நாளெல்லாம் குளிரில் இருக்கக் கூடாது என்று, பெண்கள் முட்டளவுத் தண்ணீரில் இறங்கி அவர்களை முதுகில் சுமந்து படகில் ஏற்றிய வழக்கமும் இந்தக் கரையோரம் முழுவதும் இருந்தது. படகுகள் பெரிதானதும் கரையில் இழுத்து வைக்க முடியாமல் போனது. தொழில், 1720இல் அலெக்சாண்டர் கார்டன் நிறுவிய பக்கத்து ஊரான கார்டன்ஸ்டவுனின் துறைமுகத்துக்கும், பின்னர் மக்டஃப், ஃபிரேஸர்பரோ துறைமுகங்களுக்கும் நகர்ந்தது.

1953 ஜனவரி 31 அன்று வந்த புயல்தான் ஊரின் தலையெழுத்தை மாற்றியது. மோரே விரிகுடாக் கடல் வடக்கே திறந்தே கிடக்கிறது. வடதிசைக் காற்று அடித்தால் ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வரும் அலைக்கு இடையில் பெரிதாகத் தடை இல்லை. அன்றைய அலை நடைபாதையைப் பெயர்த்தது, சில வீடுகளை அழித்தது. பல குடும்பங்கள் கார்டன்ஸ்டவுனுக்குக் குடிபெயர்ந்தன. அதே புயல்தான் வட அயர்லாந்துக்கு அருகே பிரின்சஸ் விக்டோரியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்தது, நெதர்லாந்தில் 1,800க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இன்று குரோவியின் பெரும்பாலான வீடுகள் விடுமுறை வீடுகள். ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருப்பவர்கள் சிலர்தான்.

கடலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பின்னால் நிற்கும் மேட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்தக் கரையில் சிவப்பு மணற்பாறையின் மேல், பனியாறுகள் விட்டுச் சென்ற களிமண்ணும் கற்களும் கலந்த மண் போர்வையாகக் கிடக்கிறது. தொடர்ந்து மழை பெய்தால் அந்த மண் நீரை உறிஞ்சிக் கனமாகும். அடியிலுள்ள பாறையோடு பிடிப்பு தளர்ந்து, புல்லோடு சேர்த்து வழுக்கி இறங்கும். சில மைல் கிழக்கேயுள்ள பென்னன் கிராமத்தில் 2007இல் இப்படி மண் சரிந்து, மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. குரோவியும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. அதனால் மேட்டுச் சரிவில் குறுக்கு வழி பிடித்து ஏறி இறங்கக் கூடாது. புல் வேர் அறுந்த இடத்தில்தான் மழைநீர் முதலில் உள்ளே இறங்கும்.

வீடுகளைப் பற்றி இன்னொன்று. கட்டுரையில் "சிமென்ட் பூசிப் புதுப்பித்த வீடுகள்" என்று பாராட்டியிருந்தார்கள். பழைய மணற்கல் சுவருக்குச் சிமென்ட் பகை. உப்புக் காற்றும் அலைத் துளியும் படும் சுவர் எப்படியும் ஈரம் குடிக்கும். கல் இணைப்புகளில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் அந்த ஈரம் சாந்து வழியாகவே வெளியேறி உலரும். உப்பும் சாந்தில்தான் பூக்கும். கெட்டுப்போனால் சாந்தை மட்டும் மாற்றினால் போதும். சிமென்ட் போட்டால் ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேறப் பார்க்கும். உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல் ஏடு ஏடாக உதிரும். சில ஆண்டுகளில் சிமென்ட் வரம்பு மட்டும் துருத்தி நிற்க, கல் உள்வாங்கிவிடும்.

சரியான முறை இதுதான். இணைப்பின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தைக் கையால் சுரண்ட வேண்டும். தூசியைக் கழுவி, கல்லை நனைத்து, ஒரு பங்கு நீரில் இறுகும் சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல் கலந்து திணிக்க வேண்டும். பிறகு பல நாட்கள் ஈரக் கோணி போட்டு மூடி வைக்க வேண்டும். காற்றில் வேகமாகக் காய்ந்தால் சாந்து பொடியாகிவிடும். இறுகும் முன் உறைபனி பட்டாலும் வீண்தான். அதனால் இந்த வேலையைக் கோடையில் மட்டுமே எடுக்கிறார்கள். குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓர் ஓடு விலகினால், வசந்தத்தில் உரிமையாளர் வந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. விடுமுறை வீடுகளால் இந்த ஊருக்கு வரும் நிஜமான கெடுதல் இதுதான் என்பது எங்கள் கருத்து.

இனி, போகிறவர்களுக்கு. சாலைப் பலகையில் குரோவி என்று இருக்கும், உள்ளூர்க்காரர்கள் 'கிரிவி' என்பார்கள். பி9031 சாலையிலிருந்து பிரியும் ஒற்றைத் தடச் சாலையில், ஊருக்கு மேலே காட்சி முனையருகே வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து இறங்குங்கள். கீழே இறங்கும் சாலை குடியிருப்பவர்களுக்கு உரியது. அங்கே திரும்ப இடமில்லாமல் சிக்கிய ஒரே ஒரு கார் ஆம்புலன்ஸையும் மறித்துவிடும். ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று, எதிர் வண்டி அதில் ஒதுங்கிக் கடக்க விடுங்கள். அந்த இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

குரோவியில் கடை கிடையாது. தண்ணீரும் உணவும் கையில் இருக்கட்டும். கார்டன்ஸ்டவுனுக்குக் கரையோரமாகவே ஒரு நடைபாதை போகிறது. கல் சரிவாலும் அலையாலும் அதை அவ்வப்போது மூடுவார்கள், அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்துக்கும் (கடல் ஏற்றம்) வற்றுக்கும் (கடல் இறக்கம்) சுமார் 3 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அன்று ஓத நேரம் பார்க்காமல் போகக் கூடாது. ஓதத்தோடு வடக்குக் காற்றும் சேர்ந்தால் அலைத் துளி வீட்டுச் சன்னல்வரை எறியும். அந்த வேளையில் தடுப்புச் சுவர்மேல் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுப்பது உயிருக்கே ஆபத்து. கடலில் யாராவது விழுந்தால் 999ஐ அழைத்து 'கோஸ்ட்கார்டு' என்று கேளுங்கள். குதித்துக் காப்பாற்ற முயல வேண்டாம். கோடையிலும் அந்தத் தண்ணீரின் குளிர் மூச்சைத் திணறடிக்கும்.

ஊர் மேற்கு நோக்கியிருப்பதால் காலையில் மேட்டின் நிழலில் இருக்கும். படத்துக்கு மாலைதான் நல்லது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் உண்டு. டிசம்பரில் மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும்.

கட்டுரை தவறவிட்ட பெரிய விஷயம், வடகிழக்கேயுள்ள ட்ரூப் ஹெட். நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்தக் கடற்பாறையில் கானெட் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. ஸ்காட்லாந்தின் பெருநிலப் பரப்பில் இதைவிடப் பெரிய கானெட் குடியிருப்பு இல்லை. இரு சிறகும் விரித்தால் 1.8 மீட்டர் இருக்கும் இந்த வெள்ளைப் பறவை, உயரத்தில் சிறகை மடக்கிக் கடலுக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை பார்க்கலாம். ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பராமரிக்கிறது. பாறை விளிம்பில் வேலி இல்லை, புல் விளிம்புக்கு அடியில் மண் இல்லாமலும் இருக்கலாம். அதனால் பல அடி தள்ளியே நிற்க வேண்டும். 2022இல் பறவைக் காய்ச்சல் ஸ்காட்லாந்தின் கானெட் கூட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. செத்துக் கிடக்கும் பறவையைத் தொடக் கூடாது.

இரவு தங்க விரும்புவோர் முன்பதிவுக்கு முன் விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு உள்ளாட்சியின் உரிமம் கட்டாயம். வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல்வரை எவ்வளவு தூரம், தள்ளுவண்டி கிடைக்குமா, படிகள் எத்தனை. முதியவர்களையும் கனமான பெட்டிகளையும் அழைத்து வருகிறவர்கள் கார்டன்ஸ்டவுனின் மேல் தெருக்களில் அறை எடுப்பது நல்லது.

இப்படிக்கு,
வடகிழக்கு ஸ்காட்லாந்தில் வசிக்கும் வாசகர்கள்