கண்ணாடியைக் கழற்றாதே

அன்புள்ள தம்பி,

நலம்தானே? நான் அவ்வளவு எழுதி அனுப்பினேன், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. சரி, வேலை இருக்கும்.

லேபில் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதானே நிற்கிறாய்? எட்டு கார்பன் கனசதுரமாக நிற்கிற அந்தக் கியூபேனில் நீ வேலை செய்கிறாய் என்றதும் நானும் படிக்க ஆரம்பித்தேன். எட்டு மூலையிலும் நைட்ரோ தொகுதியை ஏற்றினால் அது வெடிமருந்து என்று பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. உன்னுடையது மருந்துப் பக்கம், மருந்து மூலக்கூறில் பென்சீன் வளையம் இருக்கிற இடத்தில் கியூபேனை வைத்துப் பார்ப்பது, குறுக்கே அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம் என்று நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. இருந்தாலும் கண்ணாடியைக் கழற்றாதே. சிப்காட்டில் ஷிப்டு பார்த்த அப்பாவும் இதையேதான் சொல்வார். அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் சொல்வதாகவே வைத்துக்கொள்.

கார்பனின் பிணைப்புக் கோணம் 109.5 டிகிரி என்று காலமெல்லாம் கரும்பலகையில் எழுதியவள் நான். என் மகன் 90 டிகிரியில் நிற்கிற கார்பனோடு மல்லுக்கட்டுகிறான் என்று டியூஷன் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னால் நம்பவில்லை. சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு போட்டு, கருவேல முள்ளால் ஓட்டை குத்தி, மூலைக்கு மூன்றாகத் தீக்குச்சி செருகிக் காட்டினேன். மேசையில் வைத்ததும் கனசதுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "மிஸ், நிஜக் கியூபேனும் சாயுமா?" என்றாள் ஒருத்தி.

சாயாது. அத்தனை இறுக்கத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு 200 டிகிரி சூட்டையும் தாங்குகிறது. ஒரு பிணைப்பு மட்டும் விட்டுக்கொடுத்தால் போதாது, கூடவே மற்றதும் விட வேண்டும், அதற்குச் சுலபமான வழி கிடையாது. அதே கியூபேன், கொஞ்சம் வெள்ளி உப்பு பட்டால் வேறு கூடாக மாறிவிடுகிறது. ஓர் அணுகூடக் குறையாது, அவ்வளவு சூடும் வேண்டாம். அம்மா சாடை பேசுகிறாள் என்று நினைக்காதே. வெள்ளி உப்பைத்தான் சொல்கிறேன்.

1964இல் சிகாகோவில் ஈட்டனும் கோலும் கியூபேனைச் செய்து காட்டிய வழியைப் பொங்கலன்று போனில் எவ்வளவு ஆசையாக விளக்கினாய்! புரோமின் ஏறிய ஐந்து கார்பன் வளையங்கள் தாமாகவே ஜோடி சேரும், அப்புறம் ஒளி பாய்ச்சிக் கூட்டை மூட வேண்டும், அப்புறம் காரம் போட்டு வளையத்தைச் சுருக்க வேண்டும் என்று. இட்லி ஆறிப்போனது, நான் போனை வைக்கவில்லை. அதற்கப்புறம் கியூபேன் என்ற பேச்சே உன் வாயில் வரவில்லை. உங்கள் லேப் படம் ஒன்றைப் பார்த்தேன், அதில் உன்னைக் காணோம். படம் எடுத்தது நீயாக இருக்கும்.

வேலை எப்படிப் போகிறது என்று கேட்க மாட்டேன். கேட்டால் உனக்குப் பிடிக்காது. ஆனால் போனை எடுத்து அம்மா என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன செலவாகிறது? ராத்திரி எந்நேரம் பார்த்தாலும் ஆன்லைனில் இருக்கிறாய். தூங்காமல் லேபுக்குப் போகாதே. போனால் கண்ணாடி.

ஆயாவுக்கு மறுபடியும் முட்டி வலி. பண்ருட்டிப் பலா வர ஆரம்பித்துவிட்டது. மாமா வீட்டு விஷயம் அப்படியே இருக்கிறது, நீ அதில் தலையிடாதே. அப்பா பஸ் ஸ்டாண்டில் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா? அவர் மறந்துவிட்டது போலத்தான் நடந்துகொள்கிறார். உன் மேசையை மட்டும் யாரையும் தொடவிடுவதில்லை.

திரும்பி வருவதானாலும் சரி, அங்கேயே இருப்பதானாலும் சரி, முதலில் எனக்குச் சொல். காலையில் ஆறு மணிக்கு அப்பா சில்வர் பீச்சுக்கு நடக்கக் கிளம்பிவிடுவார், திரும்ப ஏழாகும். இங்கே ஆறு என்றால் பிரிஸ்பேனில் பத்தரை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு லேப் இருக்காது. அந்த நேரத்தில் கூப்பிடு.

அம்மா