சித்திரை விருந்துப் பட்டியலில் பந்திக் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சித்திரை முதல் நாள் நெருங்கினால் எந்த நட்சத்திர ஓட்டலில் என்ன விருந்து, இலைக்கு என்ன விலை என்ற பட்டியல் நாளிதழ்களில் வந்துவிடும். அடுத்த வாரமே, இவ்வளவு கொடுத்தும் வடை ரப்பராக இழுத்தது, ரசம் வெறும் புளித்தண்ணீராக இருந்தது என்ற புலம்பலும் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சமையற்கட்டில் நடப்பதைக் கல்யாணச் சமையல் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

குறை பெரும்பாலும் மாஸ்டரின் கைப்பக்குவத்தில் இல்லை, நேரக் கணக்கில் இருக்கிறது. வடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வாணலியில் ஓர் ஈட்டுக்கு 25 வடை போடலாம். வெந்து எடுக்க ஐந்தாறு நிமிடம். 300 பேருக்குத் தலைக்கு ஒன்று என்றாலும் 12 ஈடு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்யாணத்தில் நூறு நூறு இலையாகப் பந்தி போவதால் வாணலியும் பந்தியோடு ஓடும். ஓட்டலில் 300 பேரையும் மதியம் ஒரு மணிக்கே வரச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் பதினோரு மணிக்கே சுட்டு மூடி வைப்பதைத் தவிர வழி ஏது? மூடிய பாத்திரத்தில் வடையின் ஆவியே அதன் மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். மாவும் சீக்கிரமே அரைத்து வைத்ததாக இருக்கும். உளுந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரியே ஊறப்போட்டால் வடை எண்ணெய் குடிக்கும். உப்பைச் சுடுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே போட்டால் மாவு நீர்த்துப்போகும், அதைச் சரிக்கட்ட அரிசி மாவைக் கொட்டுவார்கள், வடை கல்லாகும்.

ரசம் நுரை கூடி வரும்போதே இறக்க வேண்டியது. அடியில் தீ எரியும் பஃபே பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் பெருங்காயம், மிளகு, மல்லித்தழை வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். புளியும் உப்பும்தான் சுண்டி நிற்கும். சூடாக வைக்கும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கிருமி பெருகாமல் இருக்க. சரியான விதிதான். ஆனால் தீயைத் தணிக்க ஆளில்லாவிட்டால் அது கொதி வரைக்கும் போகும். மோர்க்குழம்பு திரியும், அவியலில் தயிர் தனியே தண்ணீர் தனியே பிரியும். புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தேக்சாவாகப் பருப்புத்தண்ணீர் விளாவி இறக்கினால் கடைசிப் பந்திக்கும் ரசம் ரசமாக இருக்கும். அதற்கென்று ஓர் ஆள், ஓர் அடுப்பு வேண்டும். சிக்கனம் பிடிப்பது அங்கேதான்.

அன்றைய நாளுக்கே உரிய மாங்காய்ப் பச்சடியில் நடப்பது இன்னும் மோசம். வேப்பம்பூவை நெய்யில் வறுத்துப் பரிமாறும் நேரத்தில் தூவ வேண்டும். காலையிலேயே கலந்து வைத்தால் கசப்பு முழுக்க இறங்கி, வெல்லத்தையும் மாங்காயையும் மூடிவிடும். இதற்குப் பயந்து வேப்பம்பூவையே விட்டுவிடுகிற இடங்களும் உண்டு. அது ஜாமுக்குத் தம்பி, சித்திரைப் பச்சடி இல்லை.

சேமியாப் பாயசம் நிற்க நிற்கப் பாலை இழுத்துக் களியாகும். பக்கத்தில் கொதிக்கும் பால் வைத்துக்கொண்டு தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பருப்புப் பாயசத்தில் முதல் தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகே சேர்ப்பது வழக்கம். பஃபே தீயில் மறுபடி கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அப்பளம் நமுத்துப்போவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பீங்கான் தட்டின் மேல் வட்டமாக வெட்டிய இலைத் துண்டைப் போட்டு அதற்கு 'வாழையிலை விருந்து' என்று பெயர் வைப்பதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இனி பில். விளம்பரத்தில் 1,800 ரூபாய் என்று போட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் 'வரிகள் தனி' என்றிருக்கும். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். வெளியே தனியாக நடக்கும் உணவகத்தில் 5 சதவீதம். நான்கு பேருக்கு 7,200 ரூபாய், 18 சதவீத வரியோடு 8,496. பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டு அதற்கும் சேர்த்து வரி விதித்தால் 9,345 ரூபாய் 60 காசு. இந்தச் சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இடம் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை: எத்தனை பந்தி, ஒரு பந்திக்கு எத்தனை இலை, வடையும் அப்பளமும் பந்திக்குப் பந்தி சுடுவார்களா, உட்காரவைத்துப் பரிமாறுவதா அல்லது பஃபேயா, எல்லாம் சேர்த்து இலைக்கு என்ன விலை. 'எப்ப வேணும்னாலும் வாங்க சார்' என்று பதில் வந்தால் அங்கே பந்திக் கணக்கே இல்லை என்று அர்த்தம். வேறு வழியில்லாமல் அங்கேதான் போக வேண்டுமென்றால் திறந்த முதல் அரை மணிக்குள் போய்விடுங்கள். வடை நமுத்திருந்தால் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுதுவதைவிட, இலையில் இருக்கும்போதே மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மாவு மிச்சமிருந்தால் ஆறு நிமிடத்தில் புதிது போட்டுத் தர முடியும்.

பட்டியல் வெளியிடும் நாளிதழ்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஓட்டல் பெயருக்கும் விலைக்கும் பக்கத்தில் வரி சேர்த்த மொத்தத் தொகை, பந்தி நேரங்கள், ஒரு பந்திக்கு எத்தனை இலை என்ற மூன்றையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். கொடுக்க மறுக்கும் ஓட்டலுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கல்யாணச் சமையல்காரர்கள் சிலர்,
மயிலாப்பூர், சென்னை.