எழுந்து போக முடியாதவர்கள்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் 'தி காமெடி' (2012) என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றி வந்த கட்டுரை, நண்பர்களைக் கூட்டிவைத்துக் கேமராவை ஓடவிட்டால் போதும் என்பதற்கு அந்தப் படத்தைச் சான்றாகக் காட்டியிருந்தது. வசனம் எழுதாமல், நடிகர்களை அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசவிட்டு எடுத்த படம் என்பது சரி. மற்றதை நம்பி யாராவது அடுத்த வாரமே கேமராவை வாடகைக்கு எடுத்தால் கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

ரிக் ஆல்வர்சன் இயக்கிய அந்தப் படத்தில் திரைக்கதை என்று மூன்று பேர் பெயர் வருகிறது. வசனம் எழுதாத படத்தில் மூன்று பேருக்கு என்ன வேலை? ஒவ்வொரு காட்சியிலும் எதிரே யார் நிற்கிறார் என்று பாருங்கள், புரியும். டிம் ஹைடெக்கர் நடித்த ஸ்வான்சன், முப்பதுகளின் நடுவில் இருக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளை. தொப்பையும் தாடியுமாக ஒரு படகில் குடியிருக்கிறான். அப்பா சாகக் கிடக்கிறார். சொத்து எப்படியும் வந்துவிடும். படத்தின் தொடக்கத்தில் அந்தப் படுக்கை அருகில் உட்கார்ந்து, அப்பாவைக் கவனிக்கும் ஆண் செவிலியரிடம் ஆசனவாய் வெளித்தள்ளுவதைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டே போகிறான். அந்த மனிதர் பெரிதாக வாய் திறப்பதில்லை. அது அவருடைய பணி நேரம். எழுந்து போனால் வேலை போய்விடும்.

டாக்சிக் காட்சியும் இதே கணக்குத்தான். ஓட்டுநருக்குப் பணம் கொடுத்து, வண்டியைத் தானே ஓட்டுகிறேன் என்கிறான். பிறகு தாறுமாறாக ஓட்டுகிறான். வண்டி அவருடைய பிழைப்பு என்பதால் பக்கத்தில் இருந்து கெஞ்சத்தான் முடியும். தோட்ட வேலையாட்கள் இளைப்பாறும் இடத்தில் போய் உட்கார்ந்து, தானும் அவர்களில் ஒருவன் போல வீட்டுக்காரரிடம் பேசுகிறான். அதன் விளைவு அந்த ஆட்களின் தலையில் விடியும். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்கும் சேர்கிறான். அங்கே மற்றவர்களுக்கு அது கூலி, இவனுக்குப் பொழுதுபோக்கு. எதிரே இருப்பவரால் எழுந்து போக முடியாது, இவனால் எப்போது வேண்டுமானாலும் முடியும். வசனத்தை எழுதாமல் விட முடிந்தது இந்த ஏற்பாட்டை உறுதியாகப் போட்டதால்தான் என்பது என் கணிப்பு. இவன் எதைச் சொன்னாலும் காட்சி தானாகவே இறுகிவிடுகிறது.

இதைப் பின்பற்றி எடுக்கப்படும் குறும்படங்களில் நாலு நண்பர்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேரும் சம அந்தஸ்து, யார் வேண்டுமானாலும் இறங்கிப் போகலாம். அப்புறம் நாலு பேரும் போட்டி போட்டு ஜோக் அடிப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் காட்சி படுத்துவிடும். ஆல்வர்சன் படத்திலும் நண்பர்கள் கூடும் காட்சிகள் உண்டு. நகைச்சுவை நடிகர் எரிக் வேர்ஹைம், 'எல்சிடி சவுண்ட்சிஸ்டம்' இசைக்குழுவின் ஜேம்ஸ் மர்ஃபி எல்லாம் அங்கேதான் வருகிறார்கள். அவற்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் சலிப்புத் தட்டும். செவிலியரையும் ஓட்டுநரையும் பார்த்திருப்பதால்தான் அந்தக் கும்மாளம் நமக்குக் குமட்டுகிறது.

எழுதாத வசனத்தை எடுக்கும்போது முதலில் அடிவாங்குவது ஒலிதான். யார் எப்போது பேசுவார் என்று தெரியாததால் பூம் (நீளக் கழியில் மாட்டிய மைக்) பிடிப்பவர் எப்போதும் ஒரு சொல் பின்தங்குவார். ஆளுக்கொரு காலர் மைக் வேண்டும், ஒவ்வொன்றின் ஒலியும் தனித் தடத்தில் (டிராக்) பதிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடத்தில் கலந்து பதிந்துவிட்டால், ஒருவர் மேல் ஒருவர் பேசிய இடத்தைப் பிறகு பிரிக்கவே முடியாது. இடத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் எல்லோரையும் வாயை மூடச்சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிய வேண்டும். மறந்தால் ஒவ்வொரு வெட்டிலும் மின்விசிறி இரைச்சல் குதிக்கும்.

அடுத்தது தொடர்ச்சி. முதல் டேக்கில் சொன்னதை இரண்டாவதில் யாரும் அப்படியே சொல்லப்போவதில்லை. ஆகவே இவர் முகத்தை ஒரு டேக்கிலும் அவர் முகத்தை இன்னொரு டேக்கிலும் எடுத்து ஒட்டும் வழக்கமான வித்தை இங்கே செல்லாது. ஒரே நேரத்தில் இரண்டு கேமரா வேண்டும், அல்லது ஒரே ஷாட்டில் காட்சி முழுவதும் தாங்க வேண்டும். நடிகர்கள் எல்லோருக்கும் ஒன்றாக விளக்கம் கொடுப்பதும் தவறு. ஒருவரைத் தனியே கூப்பிட்டு ஒரு குறிப்பு கொடுத்தால் போதும். மற்றவருக்கு அது காட்சியில்தான் தெரிய வேண்டும்.

செலவு மிச்சம் என்ற கதைக்கும் கணக்கு இருக்கிறது. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு அதைப்போல 20 மடங்கு படம் பிடித்தால் 30 மணி நேரக் காட்சி. 1080 (முழு எச்டி) அளவில், எடிட்டிங்குக்கு ஏற்ற உயர்தர வீடியோ வடிவமான புரோரெஸ் 422 எச்கியூவில் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 80 ஜிபி. அது 2.4 டிபி, காப்புப் பிரதியோடு 5 டிபியை நெருங்கும். இரண்டு கேமரா என்றால் அதுவும் இரட்டிப்பு. வசனத்தாள் இல்லாததால் பேசியது அத்தனையையும் உட்கார்ந்து தட்டச்சு செய்த பிறகுதான் எடிட்டிங் மேசைக்கே போக முடியும். எழுத்தாளருக்குக் கொடுக்காத சம்பளம் அங்கே போய்விடும்.

ஸ்வான்சன் போன்றவர்களைக் குறிக்கும் 'ஹிப்ஸ்டர்' (வசதி இருந்தும் ஏழைக் கலைஞன் போல உடுத்தித் திரியும் நகரத்து ஆள்) என்பதைக் கட்டுரையாளர் 'நாடோடி' என்று தமிழாக்கியதையும் சொல்லியாக வேண்டும். நாடோடிக்குத் திரும்பிப்போக வீடில்லை. ஹிப்ஸ்டரோ நியூயார்க்கின் புரூக்ளினில், குறிப்பாக வில்லியம்ஸ்பர்க்கில், விளைந்த ரகம். பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் மலிவு வாடகைக்குக் கலைஞர்கள் குடியேறிய பகுதி அது. அங்கிருந்த டோமினோ சர்க்கரை ஆலை 2004-இல் மூடப்பட்டது. ஆற்றங்கரை நிலத்தில் அடுக்குமாடிகள் எழ வழிசெய்த நிலப் பயன்பாட்டு விதி மாற்றம் 2005-இல் வந்தது. படம் வெளியானபோது அங்கே சட்டையும் தாடியும் மட்டும்தான் ஏழைக் கலைஞனுடையவை. பேசாமல் 'ஹிப்ஸ்டர்' என்றே போட்டிருக்கலாம்.

படகில் ஓர் இளம்பெண்ணுக்கு வலிப்பு வரும் காட்சியைக் கட்டுரையாளர் 'இழுவை', அதாவது தேவையில்லாமல் நீள்கிறது, என்று எழுதியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஸ்வான்சன் உதவிக்கு எழவில்லை, உட்கார்ந்து பார்க்கிறான். சட்டென்று வெட்டியிருந்தால் அவன் கொஞ்சம் தாமதித்தான் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்போம். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பலர் எழுந்து வெளியேறிய படம் இது. பார்வையாளரால் எழுந்து போக முடியும். அந்தச் செவிலியரால் முடியாது.

கடைசியாக, பெட்டிச் செய்தியில் படத்தின் வகை 'நகைச்சுவை' என்று அச்சாகியிருக்கிறது. தலைப்பை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. குழந்தைகளோடு உட்கார்ந்து யாராவது பார்த்துத் தொலைப்பதற்குள் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள்.

ஒரு படத்தொகுப்பாளர்,
சாலிகிராமம், சென்னை.